அண்ணன் மகளுக்கு ஒரு செபப் புத்தகம்

தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழாவுக்குக் கொடியேறி மூன்றாவது நாளோ நான்காவது நாளோ இருக்கும். திருவிழா முடிந்த கையோடு பெங்களூருக்கு வேலைக்குப் போகவிருந்த என் அண்ணன் மகள், பெட்டியில் அடுக்க வேண்டிய சாமான்களையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தவள், எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "சித்தப்பா, தினமும் செபிக்கிறதுக்கு ஒரு செபப் புத்தகம் வேணும், நீங்களே பார்த்து வாங்கித் தாங்க" என்று கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் அன்றிரவு படுக்கையில் சாய்ந்தபடி எந்தப் புத்தகத்தை வாங்குவது என்று யோசிக்கத் தொடங்கியபோதுதான், நாற்பது வருஷங்களுக்கு மேலாக ஏதோ ஒரு விதத்தில் நாள்தோறும் செபித்து வந்திருக்கிற நான், இந்தக் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லிப் பதில் கூற இயலாதவனாக இருக்கிறேன் என்பது தெரிந்தது. அதன்பின் நான் தேடிய தேட்டமும், தேடியதில் எனக்குத் தெளிவான ஒரு விஷயமுமே இந்தப் பதிவு.

முதலில் நினைவுக்கு வந்தது அம்மாவின் புத்தகம். அதற்குப் பெயர் என்னவென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலேயே அதன் அட்டையும் முதல் சில தாள்களும் போய்விட்டிருந்தன. அட்டையின் ஸ்தானத்தில் ஒரு கறுப்புத் துணியை மடித்து, வலை பின்னுகிற நூலால் அப்பா தைத்துக் கொடுத்திருந்தார். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் சுரூபப் படங்கள், இறந்துபோன உறவினரின் நினைவு அட்டைகள், ஏதோ ஒரு வருஷத்துக் குருத்தோலையிலிருந்து கிள்ளி வைத்த காய்ந்த இணுக்கு. எல்லாவற்றிலும் என் மனத்தில் பதிந்திருப்பது, மரிக்கிறவர்களுக்காகச் சொல்லும் செபங்கள் இருந்த பக்கங்கள்தாம்: அவற்றின் கீழ் ஓரம் மட்டும் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கறுத்து, மெழுகுதிரி சொட்டிய இடங்களில் எழுத்துகள் கண்ணாடிக்குள் இருப்பவை போல் பளபளத்துக்கொண்டிருக்கும். அக்கம்பக்கத்து வீடுகளில் யாருக்கேனும் அவஸ்தை என்றால் அம்மாவைத்தான் வந்து அழைப்பார்கள். அவள் அந்தப் புத்தகத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போவாள். கடைசிப் பத்து வருஷங்கள் கண்ணில் புரை விழுந்து எழுத்தே தெரியாமற்போன பிறகும், மாலையில் திரிகால மணி அடித்து விளக்கேற்றியதும், புத்தகத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டுதான் அவள் செபத்தைத் தொடங்குவாள். உரிய இடத்தில் பக்கத்தைத் திருப்பவும் தவறமாட்டாள்.

அந்தப் புத்தகத்தையே மகளிடம் கொடுத்துவிடலாமா என்று எண்ணி, மறுநாள் அவளை வாசித்துப் பார்க்கச் சொன்னேன். அவள் பக்தியோடுதான் வாசித்தாள். ஆனால் 'அர்ச்சியசிஷ்ட' என்ற சொல்லில் தடுக்கி நின்றாள். 'இஸ்பிரீத்து சாந்து' என்பது பரிசுத்த ஆவியைக் குறிக்கிறது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. 'பிரியதத்தம்' என்பது தேவ அருள் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. என் அம்மாவின் வாயில் வெல்லம்போல் கரைந்த சொற்கள் அவள் பேத்தியின் வாயில் கூழாங்கற்களாக உருண்டதைக் கண்டு எனக்கு வருத்தமாக இருந்தது. எனினும் குற்றம் பேத்தியுடையதன்று என்று அறிந்திருந்தேன். புத்தகத்தை மறுபடியும் பீடத்துக்குக் கீழே அதன் இடத்திலேயே வைத்தேன்.

செபப் புத்தகங்கள் விற்கும் ஒரு கடையில் அன்று மாலை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நின்றேன். நவநாள் செபங்களின் தொகுப்புகள், செபமாலை விளக்கங்கள், மாதாவுக்கு மே மாதமும் திரு இருதயத்துக்கு ஜூன் மாதமும் சூசையப்பருக்கு மார்ச் மாதமும் வாசிப்பதற்கான வணக்கமாதப் புத்தகங்கள், நூறுக்கும் மேற்பட்ட செபங்களை ஒன்றாகக் கட்டிய தடித்த தொகுதிகள் என்று அலமாரி நிறைய இருந்தன. இவற்றைக் கையிலெடுத்துப் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டிய சில அடையாளங்களை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செபப் புத்தகம் எதுவானாலும் ஆயரின் அனுமதி பெற்றே வெளிவர வேண்டும் என்பது 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தின் விதி. ஆகையால் முதல் தாளின் பின்புறத்தைப் புரட்டி, அந்த அனுமதி அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு செபத்தின் கீழே '300 நாள் பலன்' என்பது போல் நாள் கணக்குப் போட்டிருந்தால், அது 1967-க்கு முந்திய பதிப்பு அல்லது அதைப் பார்த்து அப்படியே மறுபடி அச்சிட்டது; அவ்வருஷம் ஆறாம் பவுல் பாப்பரசர் அந்த நாள் கணக்கை நீக்கிவிட்டார். செபமாலையில் வியாழக்கிழமைக்கு ஒளியின் மறைபொருள்கள் இல்லையென்றால், இரண்டாம் அருள் சின்னப்பர் 2002-இல் அவற்றைச் சேர்ப்பதற்கு முந்தியது. மாதா பிரார்த்தனையில் புலம்பெயர்ந்தோருக்கு ஆறுதலானவள் என்று பொருள்படும் மன்றாட்டு இருந்தால் 2020-க்குப் பிந்தியது. ஊரைவிட்டுப் போகிற பெண்ணுக்கு அந்த ஒரு வரி இருப்பது நல்லது என்று எனக்குப் பட்டது. பழையதாக இருப்பது குறையாகிவிடாது. ஆனால் எது எந்தக் காலத்தது என்று அறிந்து வைத்துக்கொண்டால், பின்னால் ஊர்க் கோயிலில் எல்லோரும் ஒன்று சொல்ல நாம் வேறொன்று சொல்லித் தடுமாறும் சங்கடம் இராது.

தடித்த தொகுதிகளை நான் வாங்கவில்லை. தேவைப்பட்ட வேளைக்கு எடுத்துப் பார்க்க அவை உதவும். தினந்தோறும் செபிக்கிறவர்களுக்கு அவை பாரம். நூறு செபங்களில் இன்றைக்கு எதைச் சொல்வது என்று தேடுகிற நேரத்திலேயே அரை மனம் போய்விடுகிறது. குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் தம் வாழ்க்கை வரலாற்றில், புத்தகங்களில் அழகான செபங்களைத் தேடிப் போகத் தமக்குத் தைரியமில்லை என்றும், அவை அத்தனை ஏராளமாக இருப்பதால் தலைவலியே வந்துவிடுகிறது என்றும், வாசிக்கத் தெரியாத குழந்தையைப் போல் தாம் சொல்ல விரும்புவதைக் கடவுளிடம் எளிமையாகச் சொல்லிவிடுவதாகவும் எழுதியிருக்கிறார். ஆனால் அவருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் அதே கார்மேல் சபையில் இருந்த பெரிய தெரேசம்மாளோ, வறட்சி மிகுந்த பல வருஷங்கள், நற்கருணை வாங்கிய வேளை தவிர மற்ற வேளைகளில் கையில் புத்தகமில்லாமல் செபத்துக்கு உட்காரத் துணிந்ததேயில்லை என்று தம் சரித்திரத்தில் சொல்கிறார். இருவரும் புனிதைகள், இருவரும் திருச்சபையின் மறைவல்லுநர்கள் என்று பட்டம் பெற்றவர்கள். ஆகவே புத்தகம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அலுப்போடு வேலையிலிருந்து திரும்பி, அந்நிய ஊரில் ஒரு அறையில் தனியே உட்காரப்போகிற இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குப் பெரிய தெரேசம்மாளின் வழியே தோதானது என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் எந்தப் புத்தகம்? கடையில் நின்றுகொண்டே ஐந்தாறு புத்தகங்களைத் தாழ்ந்த குரலில் வாசித்துப் பார்த்தபோதுதான், இத்தனை நாளும் நான் கண்ணால் பொறுக்கிக்கொண்டிருந்தேன் என்பதும், செபப் புத்தகத்தைச் செவியால்தான் பொறுக்க வேண்டும் என்பதும் எனக்கு விளங்கிற்று. தாள் நேர்த்தியாகவும் எழுத்துப் பெரிதாகவும் இருந்த ஒரு புத்தகத்தில், ஒரே வாக்கியத்துக்குள் 'உம்முடைய' என்ற சொல் நான்கு முறை வந்தது. கண்ணுக்கு அது உறுத்தவில்லை, வாய்விட்டுச் சொன்னபோது மூச்சு எங்கே வாங்குவது என்று தெரியவில்லை. பிறமொழியில் எழுதியதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, ஒருவரும் ஒரு தடவையாவது முழந்தாளிட்டுச் சொல்லிப் பார்க்காமலே அச்சுக்குக் கொடுத்துவிட்டது போல் இருந்தது. அம்மாவின் புத்தகத்தில் வாக்கியங்கள் இதைவிட நீளமானவை. சில செபங்களில் ஒரு பக்கத்துக்கு ஒரே முற்றுப்புள்ளிதான் உண்டு. ஆயினும் ஒரு வீட்டார் அனைவரும் சேர்ந்து சொல்லும்போது எல்லோரும் எங்கே நிறுத்துவார்களோ, எங்கே குரலை இறக்குவார்களோ, அந்த இடத்திலெல்லாம் ஒரு நீட்டல், ஒரு இளைப்பாறல் தானாக அமைந்திருக்கும். தலைமுறை தலைமுறையாக ஆயிரம் வாய்களில் உருண்டதனால் வந்த அமைப்பு அது. லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் செபிக்கும் முறைகள் மூன்றைச் சொல்லுமிடத்தில், மூன்றாவதாக, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சொல்லாக, மூச்சின் தாளத்துக்கே செபத்தைச் சொல்லும்படி கற்பிக்கிறார். மூச்சோடு பொருந்தாத தமிழில் அந்த முறையை ஒருவர் எப்படிக் கைக்கொள்வார்?

எங்கள் கடற்கரையின் ஞாபகமும் இந்த இடத்தில் வருகிறது. இஞ்ஞாசியாரின் தோழராகிய சவேரியார் 1542-இல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தபோது செய்த முதற்காரியங்களில் ஒன்று, தமிழும் போர்த்துக்கீசும் அறிந்த சிலரைக் கூட்டி வைத்துக்கொண்டு, செபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாமே மனனம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளை அழைத்துச் சொல்லிக் கொடுத்தது. அந்தப் பிள்ளைகளின் கையில் புத்தகம் ஏது? செவியும் வாயுமே அவர்களுக்குப் புத்தகம். பிற்பாடு சவேரியாரின் இயேசு சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைக் கொல்லத்தில் 1578-ஆம் வருஷம் அக்டோபர் 20-ஆம் தேதி அச்சிட்டு முடித்தார். தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலாகிய அதற்கு மொத்தம் 16 பக்கங்கள்தாம். விசுவாசத்தின் சாரமும் முக்கியமான செபங்களும் அதற்குள் அடங்கிவிட்டன. நம் மொழியில் அச்சின் கதை ஒரு சிறிய செபப் புத்தகத்தோடு தொடங்குகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். அம்மா சொன்ன 'இஸ்பிரீத்து சாந்து' அந்தக் காலத்துப் போர்த்துக்கீசிலிருந்து வந்து, நான்கு நூற்றாண்டுகள் எங்கள் வாயில் குடியிருந்த சொல்.

பழைய சொல்லா, புதிய சொல்லா என்ற கேள்வியில் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. சர்வேசுரனும் திவ்விய சற்பிரசாதமும் மோட்சமும் போய்விட்டால் பக்தியே போய்விடும் என்பார் அண்ணன். புரியாத சொல்லைச் சொல்லி என்ன பயன் என்பாள் மதினி. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பூசை மொழி மாறி, வேதாகமம் 1995-இல் பொது மொழிபெயர்ப்பாகி, சங்கீதம் திருப்பாடலாகி, செபமே இறைவேண்டலாகிவிட்ட இந்நாளில், இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். நான் கைக்கொண்ட வழி ஒன்றுண்டு. பரலோக மந்திரம், மங்கள வார்த்தை முதலியவை சபையாரோடு சேர்ந்து சொல்ல வேண்டியவை. அவற்றை இன்று கோயிலில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே தினமும் சொல்ல வேண்டும். நோயில் கிடக்கும்போது நம்மைச் சுற்றி நின்று செபிக்கிறவர்களின் வாயிலிருந்து வரும் சொல்லும் நம் வாயில் எழும் சொல்லும் ஒன்றாக இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அம்மாவின் கடைசி இரவில் நான் பிரத்தியட்சமாகக் கண்டேன். ஆனால் உத்தம மனஸ்தாப மந்திரம் போல, தனியாக, இருட்டில், நம் பாவத்தை நினைத்துச் சொல்லும் செபங்களை நம் தாயின் வாயிலிருந்து எப்படிக் கேட்டோமோ அப்படியே வைத்துக்கொள்ளலாம். அங்கே அகராதிக்கு வேலையில்லை.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். முப்பது வயதில், திருச்சபையின் கட்டளைச் செபத்தை நானும் சொல்ல வேண்டும் என்ற ஆவலால், ஆங்கிலத்தில் நான்கு தொகுதிகளாக வரும் பதிப்பைப் பெரும்பிரயாசைப்பட்டு வரவழைத்தேன். நிறம் நிறமாய் நாடாக்கள். இன்றைக்கு எந்த வாரம், எந்தப் புனிதர், எங்கே தொடங்கி எங்கே தாவுவது என்று புரிந்துகொள்ளவே ஒரு மாதம் சென்றது. புரிந்த பின்னும் மூன்று மாதத்துக்கு மேல் நிலைக்கவில்லை. நாடாக்களைக் காரணமாக அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. நான் வாசித்தேனேயன்றி என் நா செபிக்கவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு, அதன் இரவு செபம் ஒன்றை மட்டும் தமிழில் எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்கியபோது, இரண்டே வாரத்தில் அது என்னோடு ஒட்டிக்கொண்டது, இன்றுவரை விட்டதில்லை.

கட்டளைச் செபத்தின் கட்டுக்கோப்பை அறியாதவர்களுக்காகச் சிறிது விரித்துச் சொல்கிறேன். அதற்கு அடிப்படையான திருப்பாடல்கள் 150-ம் கடவுளைப் புகழவும் அவரிடம் முறையிடவும் யூத மக்களுக்கு வாய்த்த சொற்கள். நம் ஆண்டவரே சிலுவையில் அவற்றிலிருந்துதான் செபித்தார். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் முனிவர் தம் துறவிகள் ஒரு வாரத்துக்குள் அவை அனைத்தையும் சொல்லி முடிக்க வேண்டும் என்று விதித்தார். பத்தாம் பத்திநாதர் 1911-இல் முறையைத் திருத்தியமைத்தபோதும் வாரக் கணக்கே இருந்தது. ஆறாம் பவுல்தான் 1970-இல் அதை நான்கு வாரங்களாக விரித்து, உலகத்தில் வேலை செய்து பிழைக்கிற இல்லறத்தாரும் காலையிலும் மாலையிலும் சேர்ந்து சொல்லத்தக்கதாக ஆக்கினார். காலையில் சக்கரியாவின் பாடல், மாலையில் மாதாவின் பாடல், படுக்கப் போகுமுன் முதியவர் சிமியோனின் பாடல் என்று நாளின் மூன்று மூலைகளிலும் சுவிசேஷத்தின் மூன்று பாடல்கள் விளக்குப்போல் நிற்கின்றன. இரவு செபம் மிகச் சிறியது. ஏழு நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம் என்பது என் வேண்டுகோள். பழைய புத்தகமும் புதிய புத்தகமும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: பழைய லத்தீன் கணக்கில் ஒன்பதும் பத்தும் ஒன்றாக எண்ணப்பட்டதால், அங்கே ஐம்பதாம் சங்கீதமாக இருப்பது இன்று ஐம்பத்தோராம் திருப்பாடல்.

அகுஸ்தினார் 430-இல் மரணப் படுக்கையில் கிடந்தபோது, மனஸ்தாபச் சங்கீதங்கள் சிலவற்றைத் தாள்களில் எழுதிப் படுக்கையருகே சுவரில் ஒட்டச் சொல்லி, படுத்தபடியே அவற்றை வாசித்து வாசித்துக் கண்ணீர் விட்டார் என்று, அவரோடு இருந்து அவர் வரலாற்றை எழுதிய பொசீதியுஸ் சொல்கிறார். எத்தனையோ நூல்களை எழுதிய அம்மகானுக்குக் கடைசியில் வேண்டியிருந்த செபப் புத்தகம் சுவரில் ஒட்டிய அந்தச் சில தாள்கள்.

கைபேசிச் செயலியில் எல்லாம் இருக்கிறதே என்று மதினி கேட்டாள். இருக்கிறது, பயணத்தில் நானே அதை எடுத்துப் பார்ப்பதுண்டு. ஆனால் அலுவலகத்துச் செய்தியும் கடன்காரன் அழைப்பும் வருகிற அதே கண்ணாடியில், படுக்கப் போகும் வேளையில் கடவுளிடம் பேசுவது எனக்குக் கூடவில்லை. மகளுக்கும் கூடாது என்று நினைத்தேன்.

முடிவில் நான் வாங்கியது 'திருப்புகழ்மாலை' என்று தமிழில் வழங்கும் அந்தக் கட்டளைச் செபப் புத்தகத்தைத்தான். வாங்குமுன் அவளையே கடைக்கு அழைத்துப்போய், ஓர் ஓரமாக நின்று, ஒரு திருப்பாடலை மூன்று தடவை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். முதல் தடவை பள்ளிக்கூடத்துப் பாடம்போல் வாசித்தாள். இரண்டாம் தடவை ஒரு சொல்லில் நின்றாள். மூன்றாம் தடவை, தன்னையறியாமல், இரண்டு அடிக்கு ஒரு தரம் குரலை இறக்கி, அம்மா செபமாலை சொல்வாளே அந்த ராகத்தில் வாசித்தாள். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

புத்தகத்தின் கடைசியில் வெறுந்தாள்கள் இருந்தன. அவற்றில் இரண்டு இரவு உட்கார்ந்து, அம்மாவின் புத்தகத்திலிருந்து உத்தம மனஸ்தாப மந்திரத்தையும், எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவரும் சூசையப்பர் செபத்தையும், பழைய சொற்களை ஒன்றும் மாற்றாமல், மசியால் எழுதினேன். அடுத்த பக்கத்தில் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களையும் அவர்கள் மரித்த தேதிகளையும் எழுதினேன். காலை செபத்துக்கு நேரம் இல்லையென்றால் விட்டுவிடு, இரவு செபத்தை மட்டும் விடாதே என்று அவளிடம் சொல்லியனுப்பினேன்.

போய்ச் சேர்ந்து மூன்று வாரம் வரை செபத்தைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தோடு அழைத்தாள்.

"சித்தப்பா, புத்தகத்தில அச்சுப் பிழை இருக்கும்போல. போன வெள்ளிக்கிழமையும் காலையில ஐம்பத்தோராம் திருப்பாடல்தான், அதுக்கு முந்தின வெள்ளியும் அதுதான். இன்னைக்கும் அதையே போட்டிருக்கு. வேற கிழமையில எல்லாம் மாறுதே?"

"பிழை இல்லம்மா," என்றேன். "ஆண்டவர் பாடுபட்ட நாள் இல்லையா? நாலு வாரத்து வெள்ளிக்கும் அதுதான்."

"அப்படியா? சரி, அப்ப சொல்லிட்டுக் கிளம்புறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.